ஜன்னலுக்கு மேலே இரண்டு நொடி

சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் ஏழாம் மாடி வீட்டு ஜன்னலுக்கு மேலே, இருட்டிவிட்ட வானத்தில், வானவில் நிறத்தில் ஓர் ஒளி இரண்டே நொடி மின்னி மறைந்தது. விமானத்துக்கு ஏது அந்த நிறம்! உடனே கல்லூரி வானியல் மன்ற வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்: "வானத்தில் ஒரு மர்ம ஒளி! வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நானே விளக்குகிறேன்." விளக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

"ஏலியன் வந்தா உன்னையே கூட்டிட்டுப் போகச் சொல்லு லா, ரூம் எனக்கு," என்றாள் அக்கா. ஆனாலும் மறுநாள் மாலை என்னோடு ஜன்னலில் நின்றாள். ஒளி மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை அவள்தான் கத்தினாள்: "ஏய், ஒவ்வொரு தடவையும் எதிர்ல எம்ஆர்டி ரயில் போகுதுடி!"

பிறகு அவள் தண்டவாளத்தைப் பார்க்க, நான் வானத்தைப் பார்த்தேன்.

"ரயில்!"

"லைட்!"

"ரயில்!"

"லைட்!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ரயில் வெளிச்சம் மேல்வீட்டில் எதன் மேலோ பட்டுத்தான் மின்னுகிறது என்று எட்டாம் மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினோம். அந்த வீட்டு ஆன்ட்டி துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் பழைய சிடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"புறா வராம இருக்கக் கட்டினேம்மா. ஏன், கண்ணு கூசுதா?"

"இல்ல ஆன்ட்டி, நாளைக்கு மட்டும் அதை எனக்குக் குடுங்க, ப்ளீஸ்!"

வெள்ளிக்கிழமை சிடியைத் தூக்கிப் பிடித்து, டார்ச் அடித்து, நடந்ததை அப்படியே சொன்னேன். கேலி செய்வார்கள் என்று பயந்தால், "நேர்ல பார்க்கணும்!" என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அன்று மாலை ஆன்ட்டி சிடியை மறுபடி கட்டினார். எங்கள் ஜன்னலில் பதினோரு தலைகள். ரயில் வந்தது. எங்களுக்கு முன்பே மேலேயிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது: "லைட்!"