காப்புக் கட்டிய கை

டிரையல்ஸ் என்கிற பைக் விளையாட்டுக்கான வண்டியில் உட்கார இடம் கிடையாது. கால்மிதிகளில் நின்றபடி, ஆள் நடப்பதைவிட மெதுவாக, பாறைகள்மேல் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஒரு தப்பு.

முப்பது வருடம் பைக் ஓட்டியவனுக்கு இது எளிதல்ல. வேகம் குறைந்ததுமே இடது கால் தானாக இறங்கிவிடும். ஐம்பத்திரண்டு வயதில் நான் அந்தக் காலை அடக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வண்டியைச் செய்தவன் என் நண்பன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். பழைய நூறு சிசி பைக் ஒன்றில் சீட்டையும் செயின் கவரையும் கழற்றி, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டியிருந்தான். ஞாயிறு காலைகளில் செட்டியார்பட்டிக்கு மேற்கே ஒரு வறண்ட ஓடைக்குப் போவோம். நான் ஓட்டும்போது, வண்டி சாய்ந்தால் பிடிக்க அவன் பக்கத்திலேயே நடந்து வருவான்.

“மூணு... நாலு... அண்ணாச்சி, பைக் ஓட்டுதீகளா, நடைவண்டி தள்ளுதீகளா?”

“வாயை மூடிக்கிட்டு வாலே.”

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் விளையாட மாட்டான். கைப்பிடியின் வலதுபுறம் ஒரு கில் சுவிட்ச் வைத்திருந்தான். அதிலிருந்து வரும் குட்டைக் கயிற்றின் பிளாஸ்டிக் வளையத்தை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும்.

பங்குனியில் என் வலது மணிக்கட்டில் காப்பு ஏறியது. மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்குழி இறங்குவதாக அவளே நேர்ந்துகொண்டாள். என்னிடம் பிறகுதான் சொன்னாள். காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் கயிற்றின் மேல் பிளாஸ்டிக் வளையத்தை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. உரசி அறுந்துவிட்டால்?

“இடது கையில மாட்டிக்கிடுதேன்.”

“எட்டாது அண்ணாச்சி. செத்த நேரம் பொறுங்க, வேற கயிறு போடுதேன்.”

“ஒரு தடவைதானல, கயிறு இல்லாமயே இருக்கட்டும்.”

அவன் காப்பைப் பார்த்தான். வற்புறுத்தவில்லை.

முழங்கால் உயரப் பாறை. முன்சக்கரம் தூக்கியது, நான் பின்னால் விழுந்தேன், வண்டி என் காலின் மேல் சரிந்தது. ஆக்சிலேட்டர் பாறையில் அழுந்தியதால் என்ஜின் அலறியபடி பின்சக்கரம் சுழன்றது. அவன் வண்டியைத் தூக்கக் குனிந்தான். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போயின.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

“மயினிகிட்ட சொல்லாதீக. காப்புக் கட்டுன கையால ரத்தம் விழுந்துச்சுன்னா மனசு விட்டுருவாக. நான் செயினுக்கு எண்ணெய் போட்டேன், மாட்டிக்கிச்சு. அம்புட்டுதான்.”

என் மனைவியிடம் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். வீட்டிலும் மில்லிலும் அவன் எண்ணெய்க் கதையையே சொன்னான். பூக்குழியும் இறங்கினேன். உள்ளங்கால் சுடவில்லை என்று மனைவி எல்லோரிடமும் சொன்னாள்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் விபத்துச் செய்திகளைத் திருத்தியவன். ‘நிலைதடுமாறி விழுந்தார்’ என்று வந்தால் நிருபரைக் கூப்பிட்டு, ஏன் தடுமாறினார் என்று கேட்பேன். இந்த விபத்தைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தையல் பிரித்து, ஒரு மாதம் கழித்து அவன் மில்லுக்குப் போனான். ஓடும் மெஷின்களின் பக்கம் விடவில்லை. ஓடுகிற செயினில் கை வைத்தவனை எப்படி நம்புவது என்று மேலாளர் கேட்டாராம். பேக்கிங்கில் பெட்டி ஒட்டும் வேலை கொடுத்தார்கள். பதினெட்டு வருட ஃபிட்டர்.

அன்று சாயங்காலம் நான் அவன் வீட்டில் இருந்தேன். விபத்து நடந்த நாளிலிருந்து அவனை ஏசிக்கொண்டிருந்த அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்களே கேளுங்கண்ணே. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஓடுற செயின்ல எவனாவது கைய விடுவானா? இப்ப பொட்டி ஒட்டுதாக, பொட்டி!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் காப்பியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுக்கும், சாமி குத்தம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“ஒண்ணரை மாசமா அந்தப் பிள்ள புருசன ஏசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீக?”

மறுநாள் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். விழுந்தது நான், கயிற்றை மாட்டாதது நான், அவர் கை வைத்தது என் கால் மேலிருந்து வண்டியைத் தூக்க. நான்கு வரி. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

“கயிறை ஏன் மாட்டல?”

“காப்புக் கட்டியிருந்தேன்.”

அவர் கடிதத்தை மடித்தார். பார்ப்போம் என்றார்.

அவனை இப்போது ஒரே ஒரு மெஷினில், ஒரு மாதத்துக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். மெஷினில் பேரிங் பழுதாகப்போவதை விரல் நுனியால் தொட்டே சொல்பவன் அவன். இப்போது இடது கையால் தொடுகிறான். வலது கையில் தையல் போட்ட விரல்களுக்குச் சூடு தெரிகிறதாம், அதிர்வு தெரியவில்லையாம். “வரும் அண்ணாச்சி” என்கிறான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

கடிதம் கொடுத்த அன்றே அவன் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். அவள் அவனை ஏசுவதை நிறுத்திவிட்டாள். நான் போனால் இப்போதும் “வாங்க” என்கிறாள், காப்பியும் வருகிறது. அண்ணே என்று கூப்பிடுவதில்லை.