கிளிசரால் குடித்த நாளும் அமாவாசைக்கு மறுநாளும்

1. எலுமிச்சைச் சாறு கலந்த டம்ளர்

"இத்த குடிச்சா காது தொறந்துக்குமா மேடம்?" என்று கேட்டார் எஸ்தர்.

"தொறந்துக்குதான்னு பாக்கத்தான் குடிக்கச் சொல்றோம்" என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் ஆடியோமெட்ரி டெக்னீஷியனாக எனக்கு இரண்டாம் வருடம். டாக்டர் வாரம் ஒருநாள் வேலூரிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நானும் ஆடியோமீட்டரும்தான்.

எஸ்தர் பட்டு நூல் முறுக்கும் மில்லில் வேலை செய்பவர். மூன்று தொந்தரவுகள்: முக்கியமாக இடது காதில் மந்தம், காதுக்குள் இரைச்சல், அவ்வப்போது தலைசுற்றல். மூன்றும் சேர்ந்தால் உட்காதில் நீர் அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குத்தான் கிளிசரால் டெஸ்ட். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த கிளிசராலைக் குடித்தால் ரத்தம் அடர்த்தியாகி, உட்காதின் மிகை நீரை இழுத்துக்கொள்ளும். குடிப்பதற்கு முன் கேட்கும் அளவை வரையும் ஒரு ஆடியோகிராம், மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று. கேள்வி, அதாவது கேட்கும் திறன், கூடியிருந்தால் பாஸிட்டிவ்: நீர்தான் காரணம்.

எஸ்தருக்குக் கேள்வி கூடியிருந்தது. வீட்டில் பட்டுத் தறி வைத்திருக்கும் அவர் கணவர் சாமுவேல் கதவருகே நின்றிருந்தார்.

"ஜல்தி எழுதிக் குடுங்க மேடம். டாக்டர் லெட்டர் குடுத்தா இன்னிக்கே வேலூர் போயிட்டு வந்துடுவேன். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கணும்."

"என் காதுக்கு இவரு கல்யாணத் தேதி மாதிரி ஓடறாரு" என்றார் எஸ்தர், தலைவலியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டே. கிளிசரால் குடித்தவர்களுக்குத் தலைவலியும் தாகமும் வரும். டெஸ்ட் முடியும்வரை தண்ணீர் தரக் கூடாது.

இயர்போனைக் கழற்றினேன். அதன் மெத்தையில் ஒரு பட்டு இழை ஒட்டியிருந்தது.

2. பட்டு இழை

"காலைல வீட்லேருந்துதானே வந்தீங்க?"

"இன்னா மேடம், வெறும் வயித்துல வான்னு சொன்னீங்க. நாங்க எப்பவும் மில்லு முடிச்சிட்டுதான் சாப்புடுவோம். கரண்ட்டு விடியறப்பவே வந்துச்சு, வேலைய முடிச்சிட்டு அப்டியே வந்தேன். பச்சத் தண்ணி குடிக்கல."

முதல் ஆடியோகிராம் தாளை எடுத்து முன்னால் வைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். உட்காதில், நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள் ஹேர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய மயிர்க்கற்றை. சத்தம் அதை அசைத்தால்தான் நமக்குக் கேட்கும். இந்தச் செல்களை இரண்டு விதத்தில் வருத்தலாம். சுற்றியுள்ள நீரும் உப்பும் அளவு மாறினால் அவற்றின் வேலை கெடும். பெருஞ்சத்தம் ஓயாமல் மோதினால் மயிர்க்கற்றை துவண்டுபோகும். துவண்டது சில மணி நேர ஓய்வில் ஓரளவு நிமிரும். மோதல் வருடக்கணக்கில் நீடித்தால் செல் செத்துப்போகும். செத்தது மறுபடி முளைப்பதில்லை.

எஸ்தர் நூல் முறுக்கும் ஸ்பிண்டில் வரிசைகளின் சத்தத்திலிருந்து நேராக என் நாற்காலிக்கு வந்திருக்கிறார். முதல் ஆடியோகிராம் களைத்துப்போன காதில் எடுத்தது. பிறகு மூன்று மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கூட்டியது கிளிசராலா, வெறும் ஓய்வா?

வரைபடத்தை மறுபடி பார்த்தேன். நீர் வடிந்திருந்தால் வழக்கமாகத் தாழ்ந்த சுரங்களில்தான் முன்னேற்றம் தெரியும். இவருக்கு அங்கே அசைவே இல்லை. ஏறியிருந்தது உயர்ந்த சுரமான நாலாயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றி, சத்தம் முதலில் அடிக்கும் இடத்தில்.

மில் சத்தமாக இருக்குமோ என்று எனக்குள் முணுமுணுத்ததை எஸ்தர் என் உதட்டிலேயே படித்துவிட்டார். மில்காரர்கள் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள்.

"மேடம், தண்ணின்னே எழுதுங்க. தண்ணின்னா எடுத்துடலாம். மில்லுன்னு எழுதினீங்கன்னா நான் எங்க போவேன்?"

3. டாக்டரின் மேஜை

அன்று டாக்டர் வரும் நாள். வேலூருக்கான லெட்டரை எழுதத் தொடங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கேள்வி கூடியிருக்கு. தலைசுத்தல் இருக்கு. இன்னும் என்னம்மா வேணும்?"

"முதல் ரீடிங்கை நம்ப முடியாது சார். ஆபரேஷன்ல இருக்கிற கேள்வியும் போகலாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இல்லாத நோய்க்கு அந்த ரிஸ்க் எதுக்கு?"

பேனாவை மூடினார். "சரி, நிரூபி. அடுத்த வாரம்வரைக்கும் லெட்டர் என்கிட்டயே இருக்கட்டும். அதுக்குள்ள அந்தம்மா தலை சுத்தி மிஷின் மேல விழுந்தா, யாரால லேட்டாச்சுன்னு வீட்டுக்காரர்கிட்ட நீதான் சொல்லணும்."

சாமுவேல் முனகிக்கொண்டே போனார்: "பேஜார் புடிச்ச டெஸ்ட்டு." எஸ்தரிடம் இரண்டே விஷயங்கள் சொன்னேன். தலை சுற்றினால் உடனே மிஷினை விட்டு விலகி உட்கார வேண்டும். டாக்டர் அடுத்து வரும் நாளான அமாவாசைக்கு மறுநாள் காலை, மில்லுக்குப் போகாமல் நேராக இங்கே வர வேண்டும். இங்கே தறிகளும் மில்களும் ஓய்வது அமாவாசையன்றுதான்.

அந்த வாரம் கிளினிக் வாசலில் ரிக்ஷா நின்றாலே, விழுந்துவிட்ட எஸ்தரைக் கொண்டுவந்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

4. மறுநாள்

எஸ்தர் வந்தார், நல்லபடியாக.

"நேத்து மில் ஓடுச்சா?"

"அமாவாசைல எவன் ஓட்டுவான்? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, ஆனா எங்க லீவு மட்டும் அமாவாசைக்கு" என்று சிரித்தார். "முழுசா தூங்கினேன்."

இம்முறை கிளிசரால் இல்லை. இயர்போனை மாட்டினேன். விரல் தூக்கும்போதெல்லாம் புள்ளி வைத்தேன்.

டாக்டர் வந்ததும் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று கிளிசராலுக்குப் பிறகு எடுத்தது, மற்றது அமாவாசைக்கு மறுநாள் எடுத்தது. கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நாலாயிரத்தில் மட்டும் புதிய புள்ளி சற்று மேலே, இன்னும் நன்றாகக் கேட்கும் பக்கம், இருந்தது. கிளிசரால் இல்லாமலே ஓய்வு மட்டும் அதைச் செய்திருந்தது. லெட்டரை மேஜையிலிருந்து எடுத்துக் கிழித்தார். பிறகு எஸ்தரின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது, ரத்தசோகையின் அடையாளம். தலைசுற்றலுக்கு அன்று ஆபரேஷனுக்குப் பதில் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

"அப்ப மில்லுதானா?" என்றார் எஸ்தர்.

"மில்லுதான். இன்னும் கொஞ்ச வருஷம் போனா, அமாவாசை லீவுலயும் கேக்கறது திரும்பாது" என்றேன்.

அவர் அழவில்லை. கணவரைப் பார்த்து, "உன் தறிக்குத் தார் சுத்தறவளுக்குக் கூலி குடுக்கறியே, அத்த எனக்குக் குடு" என்றார். அந்த வாரமே மில்லை விட்டுவிட்டு, வீட்டில் சத்தமில்லாமல் தறிக்கான நூலைச் சிறு குழல்களில் சுற்றும் தார் வேலையில் உட்கார்ந்தார்.

இரும்புச்சத்து மாத்திரையில் தலைசுற்றல் அடங்கியது. மறு வருடம் எடுத்த ஆடியோகிராமில், நாலாயிரத்தில் கோடு இறங்கிய பள்ளம் அப்படியே இருந்தது. ஆழமாகவில்லை.

அன்றிலிருந்து இயர்போனைத் தொடும் முன் "எங்கேருந்து வரீங்க?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் தெருப் பெயரைச் சொல்வார்கள். விடாமல் மறுபடி கேட்பேன்: "வீட்லேருந்தா, மில்லுலேருந்தா?" நீங்களும் கேளுங்கள்.