கைக்கு எட்டாத ஃபியூஸ்

1. மெயின் சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சேவியர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனது. சேவியர் எழுந்து போய், கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சைத் தூக்கி விட்டார். உடனே விழுந்தது. மறுபடி தூக்கினார். விழுந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. இதற்குள் அவர் மனைவி ரீத்தா எழுந்து, குளியலறை வாட்டர் ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்காவது தடவை சுவிட்ச் நின்றது.

"பாத்தீங்களாண்ணே? விடாம தட்டுனா வழிக்கு வந்துரும்லா," என்றார் சேவியர்.

ரீத்தா எனக்கு ரசம் ஊற்றினார். அந்த மனிதர் ஓட்டப்போகும் விமானத்துக்குத்தான் நான் மின்சார வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேவியருக்கு ஜொகூரின் தம்போயில் எவர்சில்வர் கேட் செய்யும் பட்டறை. அதன் பின்பக்கத்தில், பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி, இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உலோகம் அவர் சொன்னபடி கேட்கும். மின்சாரம் கேட்காது. நான் சிங்கப்பூரில் விமான மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார். ஜொகூர் கரையோரமாக மெர்சிங் வரை பறந்து, தீவுகளை மேலிருந்து பார்த்துத் திரும்ப வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் ஆசை. "வயரிங் சரின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் ஏறுவேண்ணே," என்று ரீத்தா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2. பதினான்கு பொத்தான்கள்

எந்த விமானத்துக்கும் முதல் வேலை கூட்டல் கணக்குதான். என்ஜினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தருவது இருபது ஆம்பியர். சேவியர் கேட்ட சாமான்களைக் கூட்டினால் இருபத்தாறு. அதில் எட்டு, காற்று வேகம் அளக்கும் குழாய் பனியில் உறையாமல் இருக்க வைக்கும் ஹீட்டருக்கு. நம் ஊரில் நீங்கள் பறக்கும் உயரத்தில், கடையில் விற்கும் ஐஸ் கச்சாங் இனிப்பில் மட்டும்தான் ஐஸ் உண்டு என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். பதினெட்டு ஆயிற்று.

அடுத்தது அப்படி முடியவில்லை. விமானிக்கு முன்னால் உள்ள கருவிப் பேனலின் அடியில், வலது கை விழும் இடத்தில், பதினான்கு சர்க்யூட் பிரேக்கர்களை வரிசையாக வைக்க அவர் துளைகூடப் போட்டு வைத்திருந்தார். பிரேக்கர் டிரிப் ஆனால் பொத்தான் வெளியே துள்ளும். அழுத்தினால் மறுபடி மின்சாரம் போகும். நான் வரைபடத்தில் அத்தனையையும் அடித்துவிட்டு, கார்களில் இருப்பது போன்ற தட்டை ஃபியூஸ்களைப் போட்டேன். ஃபியூஸ் பெட்டியை இருக்கைக்குப் பின்னால், பறக்கும்போது யார் கையும் எட்டாத இடத்தில் வரைந்தேன்.

"என் பிளேன்ல நானே கை வைக்கக் கூடாதா?" என்றார்.

டிரிப் ஆவது, எங்கோ வயர் சூடாகிறது என்பதற்கு அடையாளம். அழுத்துவது அந்தச் சூட்டுக்குத் தீனி போடுவது என்று விளக்கினேன். ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதானே என்றார்.

"நீங்க ஒரு தடவயோட நிக்கிற ஆள் இல்ல, சேவியர்."

மெயின் சுவிட்ச் கதையைச் சொன்னேன். ஒரே தடவைதான் தூக்கியதாகச் சாதித்தார். பொய் சொல்லவில்லை, அவர் மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது. ரீத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நாலு. ஹீட்டர நான் ஆஃப் பண்ணலன்னா இன்னும் தூக்கிக்கிட்டே இருப்பீங்க."

இரண்டு வாரம் அவரிடமிருந்து போன் வரவில்லை. கார் வயரிங் செய்யும் ஒருவரை வைத்து பிரேக்கரே பூட்டிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ரீத்தா கூப்பிட்டார். பிரேக்கர் என்றால் பக்கத்து இருக்கை காலியாகத்தான் போகும் என்று சேவியரிடம் சொல்லிவிட்டாராம். துளைகளை அடைக்க சேவியர் தகடு வெட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

கைக்கு எட்டாத ஃபியூஸ் வைத்தால் ஒரு கடமை உண்டு: எந்த ஒன்று போனாலும் விமானம் பத்திரமாக இறங்க வேண்டும். பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இது இல்லாமல் திரும்பி வருவீர்களா என்று சேவியரைக் கேட்டேன். என்ஜினைப் பற்றவைக்கத் தனி இக்னிஷன், வேகமும் உயரமும் காட்டும் திரைக்குள் தனி பேட்டரி. பதின்மூன்றுக்கு வருவேன் என்றார். ரேடியோவுக்கு மட்டும் தயங்கினார். கையடக்க ரேடியோ ஒன்றை வாங்கி இருக்கையோரம் மாட்டச் சொன்னேன். அதன் பிறகுதான் ரீத்தாவிடம், வயரிங் சரி என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன்.

3. மெர்சிங்

அதிகாரிகள் பார்த்து அனுமதி கொடுத்து, சேவியர் தனியாகப் பல மணி நேரம் ஓட்டிய பிறகு, இருவரும் கிளம்பினார்கள். நான் ஓடுபாதை ஓரத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். மெர்சிங்குக்கு அப்பால், கடலுக்கு மேல், ரேடியோ செத்துவிட்டதாம். கையடக்க ரேடியோவில் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியோ வயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கழன்று, வயர் விளிம்பில் உரசியிருந்தது. செம்பு தெரிந்தது. தகட்டில் கடுகளவு கறுப்புப் புள்ளி. ஃபியூஸ் முதல் பொறியிலேயே போயிருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பெட்ரோல் குழாய். சேவியரும் குனிந்து பார்த்தார்.

"ரேடியோ போனதும் என் கை தானா கீழ போச்சுண்ணே. அங்க அழுத்த ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு."

"எத்தன தடவ போச்சுன்னு கேளுங்கண்ணே," என்றார் ரீத்தா.

சேவியர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "மூணு," என்றார்.

இப்போதும் சிலர் விமானத்துக்கு வரைபடம் கேட்டு வருகிறார்கள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், மின்சாரம் போனால் மெயின் சுவிட்சைத் தூக்குவது யார், எத்தனை தடவை என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்கிறேன். ஆம்பியர் கணக்கு அதற்குப் பிறகுதான்.