ராணி பறித்த பூ

எங்கள் தேயிலை எஸ்டேட் நாடகக் குழுவைக் கெடுத்தது ஆண்களாகிய நாங்கள்தான். யார் ராஜா வேஷம் கட்டுவது என்று அடித்துக்கொண்டே கலைத்துவிட்டோம். பல வருடம் கழித்து அதை எழுப்பியவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். ஒத்திகைக்கு நேரமில்லாததால் பறித்துக்கொண்டே வசனம் பாடம் செய்தார்கள்.

மூணாறில் முதல் நாடகத்துக்கு முந்தின நாள் ஒருமுறை நடித்துப் பார்க்க மேடை ஏறியதும், ராணி வேஷம் கட்டிய அக்காவுக்கு வாயே திறக்கவில்லை. சொதப்பினால் குழு மறுபடியும் மூடிவிடும்.

"என்னக்கா, மறந்துபோச்சா?" என்று மேடை வேலைக்கு வந்திருந்த நான் கேட்டேன்.

"கை சும்மா இருந்தா வசனம் வரமாட்டேங்குது தம்பி. ஒரு பூச்செடி வைங்க, பறிச்சுக்கிட்டே பேசுறேன்."

"ராணி போய் பூப் பறிப்பாளா?"

"ஒங்க ராஜாக்க மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க?"

செடி வைத்தோம். மறுநாள் அவர் பூப் பறித்தபடியே மந்திரிக்கு மரண தண்டனை விதித்தார். ஒரு சொல் தவறவில்லை. எங்கள் ராஜாக்களில் ஒருவனும் அப்படி நடித்ததில்லை.