பாஞ்சாலி பாதியில் நிறுத்திய ஜெபம்

பாஞ்சாலியின் வாய்க்குப் பயந்து, சிவாஜிநகர் நிலையத்தில் நிற்கும் பஸ்ஸெல்லாம் டிரைவர் இல்லாமலே பின்வாங்கிய காலம் உண்டு. நம்பாதவர்கள் அவள் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம். இறைச்சிக் கடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆட்டுத் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டி மயிர் பொசுக்கித் தருவது அவள் தொழில். அடுப்பு அணைந்துபோன ஒரு நாள், திட்டியே அத்தனை காலையும் பொசுக்கி முடித்தாளாம். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஒரு கால் மிச்சமிருந்திருக்கும்.

அந்த வாய் தெருவின் பொதுச் சொத்து. குப்பை வண்டி வரவில்லையா, விளக்கு எரியவில்லையா, கூப்பிடு பாஞ்சாலியை. கோடையில் தண்ணீர் லாரி வந்தால் முன்னால் அவள் நிற்பாள். தெருவும் குடங்களும் அவளுக்குப் பின்னால் நிற்கும்.

அப்பேர்ப்பட்டவளை அசைத்தது ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அவளுடைய சின்ன மகள் ரூபினி ஒரு மத்தியானம், சோறு தின்ன மறுத்த பொம்மையைத் திட்டிக்கொண்டிருந்தாள். சொற்கள் அம்மாவுடையவை. இழுவையும் அம்மாவுடையது. இடுப்பில் கை வைத்த தோரணைகூடப் பிசகவில்லை. பாஞ்சாலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கடைசியில் ரூபினி பொம்மையைப் பார்த்து, "நீ பொறக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள். அந்த வார்த்தை போன வாரம் அம்மாவிடமிருந்து ரூபினிக்கே கிடைத்தது. பாஞ்சாலியின் சிரிப்பு நின்றுபோனது.

துணிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். சத்தம் தாங்கவில்லை என்று கீழிருந்து பாஞ்சாலி ஏசாத ஞாயிறு கிடையாது. அந்த ஞாயிறு படியேறிப் போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் பயத்தில் பாட்டை நிறுத்திவிட்டது. கூட்டத்தை நடத்தும் மமதா மட்டும், "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான், முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு பாஞ்சாலி அழுத அழுகையில் கீழே துணிக்கடைக்காரர் கூரை ஒழுகுகிறதென்று துணிகளை நகர்த்தி வைத்தார்.

மழைக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தாள். புதுப் பேர் வைக்கலாமா என்று மமதா கேட்டதற்கு, "பேரு கெடக்கட்டும்க்கா, வாயை மாத்துங்க" என்றாள். அவள் கணவன் அய்யாவு மாரியம்மன் கோயில் ஆள். கொஞ்ச நாள் முறைத்தான். பிறகு வீட்டில் நிலவிய அமைதியைக் கவனித்தான். "எந்தச் சாமியோ, இவ வாயை அடக்கினாரே, அவருக்கு என் கணக்குல ஒரு மாலை" என்றான்.

கோபம் வரும்போது ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளும்படி மமதா யோசனை சொல்லியிருந்தாள். பாஞ்சாலி அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். மாறிய வாழ்க்கை என்றால் மூடிய வாய் என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த கோடையில் ஏரியாவே வறண்டது. லாரி டிரைவர் சீனு, பாஞ்சாலி ஊமையாகிவிட்டதைத் தெரிந்துகொண்டு, தெருவுக்கு வரவேண்டிய தண்ணீரில் பாதியை மூலை ஓட்டலுக்கு இறக்க ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்து கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தபா பழைய வாயைத் தொறடி. உங்க ஏசு அரை நாள் லீவு குடுக்க மாட்டாரா?"

பாஞ்சாலி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே தண்ணீர்.

"நல்லாருக்குது! தெருவுக்கே தண்ணி இல்ல, உன் வாயில மட்டும் ஏரி ரொம்பி நிக்குது!"

கடைசியில் இடுப்பு வலியோடு லட்சுமம்மாவே லாரியை மறித்தாள். சீனு ஹாரனை அழுத்தினான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அஜ்ஜி! கொஞ்சம் அனுசரிச்சுக்கோ பாட்டி! ஓரமா போய் உயிலு எழுது!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது பக்தி இல்லை என்று பாஞ்சாலிக்குப் பளிச்சென்று புரிந்தது. வாயிலிருந்ததை விழுங்கினாள். துப்ப மனம் வரவில்லை, பஞ்ச காலம். நேரே போய் லாரிக்கு முன்னால் முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே!" என்றாள். தூரத்து அல்சூர் ஏரியில் கொக்குகள் எழுந்து பறந்தன. "இந்த சீனுவைப் பாரும்! இவன் கண்ணைத் தொறந்துவிடும்! ஓட்டல் எது, தெரு எதுன்னு தெரியாம தடுமாறுறான்!"

தெரு கைதட்டியது. சீனு இறங்கி ஓடிவந்தான். "அக்கா, இன்னாக்கா இது? திட்டணும்னா திட்டிடுக்கா!"

பாஞ்சாலிக்கு நாக்கு இனித்தது. "இவனைப் பெத்தவளையும் பாரும் ஆண்டவரே! இப்படியொரு..."

சட்டென்று நிறுத்தினாள். அந்த இனிப்பு அவளுக்குப் பழக்கமானது. ஆண்டவர் பேரைப் போர்த்திக்கொண்டு பழைய வாய்தான் வெளியே வந்திருந்தது. தெரு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. சொன்னால் தண்ணீர் நிச்சயம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது.

எழுந்து நின்றாள். "சீனு, உங்கம்மாவை இழுத்தது தப்பு. மன்னிச்சுடு. தண்ணி இந்தத் தெருவோடது. அதை நீ குடுக்கற வரைக்கும் இங்கியே நிப்பேன். ஆனா திட்ட மாட்டேன்."

பாஞ்சாலி மன்னிப்புக் கேட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை. சீனு திட்டு வாங்கத்தான் தயாராக வந்திருந்தான். தலையைச் சொறிந்தான். ஓட்டல் பக்கம் பார்த்தான். பிறகு தானே குழாயை இழுத்து வந்து லட்சுமம்மாவின் டிரம்மில் போட்டான்.

கடைசிக் குடமும் நிறைந்ததும் வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, ஜெபத்தைப் பாதியில உட்டுட்டியே. எங்கம்மா பேரைச் சொல்லி நிறுத்திட்டே. முடிச்சுடுக்கா, மனசு ஒரு மாதிரி இருக்குது."

பாஞ்சாலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கியது. லட்சுமம்மா குடத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். அவள் மெல்லச் சொன்ன ஜெபத்தில் சீனுவைத் தவிர ஒருவருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.