கோடிப் புடவை

வேண்டாவின் உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் விட்டுவிட்டு ஓடியது. மகள் காயத்ரி குனிந்து பிளக்கை வேறு பாயிண்டில் செருகினாள். சத்தம் சீரானது. கம்பெனியிலும் அவளுக்கு மோட்டார் வேலைதான். அழுகை மட்டும் வரவில்லை.

தெருமுனையில் மேளம் கேட்டது. பிறந்த வீட்டுக் கோடி வந்துகொண்டிருந்தது. உடன்பிறந்தவன் கொண்டுவரும் அந்தப் புதுப்புடவையைப் போர்த்தாமல் ஊரில் எந்தப் பெண்ணையும் எடுப்பதில்லை. கொண்டுவந்தவர் ராஜாராம், வேண்டாவின் தம்பி.

கணவன் இறந்த பிறகு கறவை மாட்டை நம்பிப் பெண்ணை வளர்த்தவள் வேண்டா. காயத்ரி பிளஸ் டூ படித்தபோது, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு, கூடப் படித்த தாவீதோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனாள். அங்கே வேனில் சவாரி இறக்க வந்த ராஜாராம் பார்த்துவிட்டார். ஊருக்கு ஏற்றிவந்து, தெருமுனையில் இறக்கி, வீடு வரை முடியைப் பிடித்து இழுத்துவந்தார்.

"அப்பன் இல்லாத பொண்ணு. நான்தான கேக்கணும்?"

வேண்டா மகளை உள்ளே தள்ளி, பொய் சொன்னதற்கு இரண்டு அறை விட்டாள். பிறகு வெளியே வந்தாள்.

"என் பொண்ண அடிக்க எனக்குக் கை கீது. உன்ன யாருடா கூப்ட்டது?"

"ஊரு இன்னா பேசும்க்கா?"

"நீ இழுத்துகினு வர்ற வரைக்கும் ஊருக்குத் தெரியாதே. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

மறுநாள் மகளை வழக்கம்போல் தனியாகவே பஸ் ஏற்றினாள். "எங்க போறன்னு சொல்லிட்டுப் போ. பொய் சொன்னா தோல உரிச்சிடுவேன்." பஸ் போன பிறகும் அங்கேயே நின்றாள். மாடு கத்தித்தான் வீடு திரும்பினாள்.

அந்த வருஷத்திலிருந்து தம்பி அனுப்பிய பொங்கல் சீர் எதையும் அவள் தொடவில்லை. ஆட்டோக்காரன் பழகிப்போய் இன்ஜினைக்கூட அணைக்க மாட்டான். "ரிட்டர்ன்தான யக்கா?" என்று கேட்டு, கரும்போடு திருப்பிக்கொண்டு போவான்.

இப்போது ராஜாராம் வாசலில் நின்றார். காயத்ரி படியில் குறுக்கே நின்றாள்.

"கோடி உள்ள வராது மாமா."

மேளம் நின்றது. ஒரு பங்காளி பதறினார். "கோடி இல்லாம எப்படிம்மா எடுக்கறது?"

"பெட்டி ரெண்டு நாள் தாங்கும். நான் இருப்பேன்."

ராஜாராமின் முகம் கறுத்தது. கோடி திரும்பிவிட்டால் இனி எந்தச் சொந்தக்காரன் வாசலிலும் அவர் நிற்க முடியாது. காயத்ரி அதைத்தான் நினைத்திருந்தாள். அவர் பின்னால் நின்ற மகள் ஜெயப்பிரியாவைப் பார்த்ததும் அதைவிடப் பெரிய அடி ஒன்று தோன்றியது. பிளஸ் டூ முடித்ததும் போனைப் பிடுங்கி வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள் அவள்.

"ஜெயாவ பொத்தேரி காலேஜ்ல படிக்க வெக்கறேன், ஹாஸ்டல்ல வுடறேன்னு சொல்லுங்க."

"சாவு வூட்ல இன்னா பேச்சு இது?"

"வயசுப் பொண்ண தெருவுல இழுக்கலாம். பேசக் கூடாதா?"

அவர் புடவைத் தட்டைப் பார்த்துக்கொண்டே முனகினார். "சேக்கறேன்."

"எதிர்வூட்டுக்குக் கேக்கல."

"சேக்கறம்மா! ஹாஸ்டல்லயே வுடறேன்!"

"அவ முடி மேல கை வெக்க மாட்டேன்னும் சொல்லுங்க."

அதையும் சொன்னார். பாதியிலேயே குரல் உடைந்தது. காயத்ரி முழுசாகச் சொல்லவைத்தாள்.

பிறகு விலகி, பெட்டியின் மூடியைத் திறந்தாள். ராஜாராம் தேம்பிக்கொண்டே அக்காவுக்குப் புடவை போர்த்தினார். காயத்ரிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஜெயப்பிரியாவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, மேளக்காரரைப் பார்த்தாள்.

"எடுக்கலாம்ண்ணா."