டம்ளரைத் தொடாத பந்து

ஸ்ட்ரைக் இன்னும் ஒரு நாள் நீடிக்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இலங்கை மலைநாட்டில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கும் ஒரே கரண்ட் லைன். கொழுந்தை வாடப்போடும் நான்கு பெரிய காத்தாடிகளும் சுற்றினால் வீட்டு பல்ப் மங்கிப்போகும். கொழும்பு மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டர் அணைந்துவிடும். காத்தாடிகளைப் போடுகிறவர் என் அப்பா.

கொழும்பில் கம்ப்யூட்டர் அனிமேஷன் பழக்க ஆள் எடுத்தார்கள். மூன்று செக்கன், அதாவது மூன்று விநாடி, ஓடும் படம் சொந்தமாகச் செய்து அனுப்ப வேண்டும். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, அதை விட்டால் காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம்தான். கண்ணாடிப் பந்து ஒன்று உருண்டு வந்து வெள்ளி டம்ளரை இடித்துச் சாய்க்கும், அவ்வளவுதான் கதை. ஆனால் ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரைய, அந்த மெஷினுக்கு ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று செக்கனுக்கு எழுபத்தைந்து படம். மழைக்குக் கொழுந்து குவிந்த மாதம் அது. காத்தாடி நிற்கவே இல்லை, ஒரு படம்கூட முழுசாக வரவில்லை.

அப்போதுதான் ஸ்ட்ரைக் வந்தது, காத்தாடிகள் நின்றன. நாலு நாளும் மெஷினை நான் அணைக்கவில்லை. சம்பளம் இல்லாததால் வீட்டில் மூன்று வேளையும் வெறும் ரொட்டி. கொழும்பில் எவன் பந்து உருள்வதைப் பார்க்கக் காத்திருக்கிறான் என்று அம்மா கேட்டார். ஆனாலும் பிளக் பக்கம் யாரையும் அம்மா அண்ட விடவில்லை.

அறுபத்து நாலு படம் முடிந்த காலையில் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மறுநாள் மதியம் நான் தபாலில் போட்டாக வேண்டும். சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவை வழிமறித்தேன்.

"இன்னும் பதினோரு படந்தாம்பா. நாளைக்கு விடிய முடிஞ்சிரும்."

"ஒங்கம்மா பறிச்சிட்டு வர்ற கொழுந்த எங்கடா கொட்டுறது, ஒன் கம்ப்யூட்டர் மேலயா?"

வாசலில் செருப்பைத் தேடியபடி நின்றார். "காத்தாடிய ஒவ்வொண்ணாத்தான் போடுவேன். அதுக்குள்ள ஆனதப் பாத்துக்க."

பத்து மணி போல பல்ப் கொஞ்சம் இறங்கியது. வழக்கமாக நாலும் ஒரே மூச்சில் போய்விடும். அன்று அரை மணி கழித்துத்தான் இரண்டாவது. அறுபத்தேழாவது படம் பாதி தாண்டியிருந்தது. மூன்றாவது. நான் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னவோ பிடித்தால் நிற்கும் என்கிற மாதிரி. நாலாவதில் திரை சுருங்கி ஒரு புள்ளியாகிப் போய்விட்டது.

முடிந்த படங்களை அவ்வப்போது டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன். கடைசிப் படத்தில் பந்து டம்ளருக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. கரண்ட் போதவில்லை என்று கடிதம் எழுதிக் கிழித்தேன். பந்து அங்கேயே நின்றுவிடுவதுதான் கதை என்று எழுதி, டிஸ்க்குகளோடு உறையில் போட்டு ஒட்டினேன்.

மறுநாள் அதைத் தபாலில் போட நான் ஏறிய பசறை பஸ் ஸ்டோரைத் தாண்டும்போது நாலு காத்தாடியும் இரைந்துகொண்டிருந்தன.